உட்கார்ந்த ஊர்வலம்

போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "பெரிய கேஸ் என்னென்ன பாத்தீங்க?" என்பதுதான். கொலை, கொள்ளை, நகைத் திருட்டு எல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் எதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது என்றால், அது ஒரு திங்கட்கிழமை முற்பகல். அன்று யாரும் சாகவில்லை, யார் மண்டையும் உடையவில்லை. அதனாலேயே அது எந்தப் பத்திரிகையிலும் பெரிதாக வரவில்லை.

போன மாதம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆர்ப்பாட்டம். தலைக்கு மேலே போலீஸ் ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. பந்தோபஸ்தில் நின்ற பெண் எஸ்.ஐ. ஒருத்தி பஸ்ஸுக்குள் இருந்த என்னை அடையாளம் கண்டுகொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை எழுதியாவது வைப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த ஊர்க்காரி. பேர் கோமதி. கோமதி அம்மன் குடியிருக்கும் இந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு தெருவில் பாதி வீட்டுக் கதவு திறக்கும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். லத்தியை எப்படிப் பிடிப்பது, கூட்டத்தை எந்தப் பக்கமாகத் தள்ளுவது, கண்ணீர்ப்புகைக் குண்டைக் காற்றுப் பார்த்து எப்படிப் போடுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் எதற்காகக் கூடுகிறது என்பதற்கு மட்டும் வகுப்பு இல்லை. ஏட்டாகி, தேர்வு எழுதி, எஸ்.ஐ. ஆனேன்.

ஏட்டாக இருந்தபோது நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அது வேறு மாவட்டத்தில், வேறு ஊரில். ஒரு ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியாகப் போக இருந்தது. அப்போதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு, அந்தத் தெருக்காரர்களைக் கடையை மூடச் சொல்வதுதான். வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மின்விசிறி பழுது பார்க்கும் காதர் பாய் என்று ஒருவர். நான் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் ஷட்டரை இறக்கினார். பூட்டினார். சாவியை என் கையில் வைத்தார்.

"இதை எதுக்கு பாய் என்கிட்ட தாறீங்க?"

"நீங்களே வச்சிக்கிடுங்கம்மா. மூடச் சொல்றதும் நீங்க, திறக்கச் சொல்றதும் நீங்க. இதுல எனக்கு என்ன வேலை இருக்கு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊர்வலம் அமைதியாகப் போனது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். ஆனால் அன்றைக்கு நாங்கள் யாரைக் காப்பாற்றினோம், யாரைத் தண்டித்தோம் என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். அப்போது நான் சொந்த ஊரிலேயே எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் ஸ்டேஷன் பொறுப்பும் என்னிடம்தான். பனவடலிசத்திரம் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகள் வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தாலும் அவர்கள் நம்பியிருந்த செங்குளத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. எங்கள் ஊர் ஓரமாக வரும் ஓடைக்கால்வாயை எங்கேயோ அடைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். அந்தக் கால்வாய்க் கரையில் கீழப்பாலத் தெரு இருக்கிறது. கடை, வியாபாரம் என்று பிழைக்கும் சுமார் இருபது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு சின்ன ஜெபக்கூடம். அந்த ஜெபக்கூடத்துச் சுற்றுச்சுவரைப் போட்டோ எடுத்து, "தண்ணியைத் திருடின சுவர்" என்று எழுதி, யாரோ வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் அது எல்லார் போனிலும் இருந்தது.

மூன்றாம் நாள் விவசாயிகள் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு மனு கொண்டுவந்தார்கள். தலைமை, சுடலைமுத்து அண்ணாச்சி. அறுபது வயதிருக்கும். கம்பும் உளுந்தும் போடுகிறவர். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, கீழப்பாலத் தெரு முக்கு வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போய் மனுக் கொடுப்பதாகத் திட்டம்.

நான் வழக்கப்படி ஒரு உத்தரவைத் தயார் செய்தேன். "சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும் என்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது." எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன வரி. டி.எஸ்.பி. அருணாசலம் சாரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பந்தோபஸ்து நாளில் ஜீப்பில் உட்கார மாட்டார். பேனாவைத் திறப்பதற்கு முன்னால் பென்சில் எடுப்பார். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை வேகமாக. இரண்டாவது முறை, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே பென்சில் முனையை வைத்து. அந்தப் பென்சில் எந்த வார்த்தையில் நிற்கிறதோ அங்கே நமக்கு வியர்க்க ஆரம்பிக்கும்.

அன்று "பாதிக்கப்படும்" என்ற வார்த்தையில் நின்றது.

"யாரால பாதிக்கப்படும்?"

"கூட்டத்துல யாராவது சார்..."

"பேரு எழுதுங்கம்மா."

"பேரு தெரியாது சார்."

"மனுக் கொடுத்த ஆள் பேரு தெரியுமா?"

"தெரியும் சார். சுடலைமுத்து."

"பேரு தெரியாத ஒருத்தன் கல்லெறிவான்னு, பேரு தெரிஞ்ச ஒருத்தர் வாயை அடைக்கிறீங்க. அவர் பேசணும்னு கேக்கிறார். அது அவர் உரிமை. அந்தத் தெருவில இருக்கிறவங்க பயமில்லாம இருக்கணும். அது அவங்க உரிமை. ரெண்டுல ஒண்ணைத் தள்ளிவிட்டுட்டு வாங்கன்னா யார் வேணும்னாலும் செய்வாங்களே. அதுக்கு எதுக்கு நாம?"

உத்தரவின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வழியை நடந்து பாத்துட்டு வாங்க. ஜீப்பில வேண்டாம்."

நடந்தேன். ஏட்டு முத்தையாவும் நானும். எத்தனை கடை, எத்தனை சந்து, கல் குவியல் எங்கே கிடக்கிறது, கட்டட வேலைக்குச் செங்கல் எங்கே அடுக்கியிருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டோம். கீழப்பாலத் தெரு முக்கில் நின்று பார்த்தால் ஜெபக்கூடம் ஐம்பது அடி தூரத்தில், நேர் எதிரே தெரிந்தது. முதலில் புறவழிச்சாலையில் போகச் சொன்னேன். சுடலைமுத்து அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"அந்த ரோட்டுல யாரும்மா இருக்கா? லாரிக்காரன்கிட்டயா எங்க குறையைச் சொல்ல? நாலு பேரு பாக்கணும்லா?"

அவர் சொன்னது நியாயம். கடைசியில் இப்படி முடிவானது: ஊர்வலம் பிரதான சாலையிலேயே போகலாம், தெருவுக்குள் நுழையக் கூடாது, முக்கில் நிற்கக் கூடாது. மைக், முன்னால் போகும் ஆட்டோ ஒன்றுக்கு மட்டும்.

அண்ணாச்சி கோஷங்களை எழுதி டி.எஸ்.பி. அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதிகாரிகளைத் தூங்கு மூஞ்சி என்றது ஒன்று, அரசாங்கத்தை ஏசியது ஒன்று. டி.எஸ்.பி.யின் பென்சில் எதிலும் நிற்கவில்லை. "எங்களைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். ஒரு தெருவில குடியிருக்கிறவங்களைச் சுட்டிக்காட்டி மிரட்டக்கூடாது. கோடு அங்கதான்" என்றார். கடைசி வரியைப் பார்த்து எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "போலீஸ் அராஜகம் ஒழிக" என்று இருந்தது.

"அண்ணாச்சி, நாங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலியே?"

"அது எப்பவும் போடுததும்மா. நீங்க பண்ணும்போது எழுதுததுக்கு எங்களுக்கு நேரம் கெடைக்காதுல்லா."

டி.எஸ்.பி. சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை கீழப்பாலத் தெருவுக்குப் போனேன். ஜெபக்கூடத்துக்குப் பக்கத்தில் சோடாவும் மளிகையும் வைத்திருந்த ஜெபமணியும் அவர் மனைவி எஸ்தரும் வாசலில் நின்றார்கள். இரண்டு பை கட்டித் தயாராக இருந்தது.

"புளியங்குடியில எங்க அக்கா வீடு இருக்கும்மா" என்றார் எஸ்தர். "ரெண்டு நாளு இருந்துட்டு வாரோம். அதச் சொல்லத்தானே வந்திருக்கீங்க?"

காதர் பாய் அன்று என் கையில் சாவியை வைத்தாரே, அது உள்ளங்கையில் மறுபடி உறுத்தியது.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். கடை தொறந்திருக்கட்டும்" என்றேன்.

ஜெபமணி என்னை நம்பாமல் பார்த்தார். "கல்லு விழுந்தா?"

"கண்ணாடிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது அண்ணாச்சி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மேல, உங்க வீட்டு ஆளுக மேல ஒருத்தன் கை வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் வரணும். அதைச் சொல்லுதேன்."

எஸ்தர் குனிந்து ஒரு பையை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோனார். இன்னொரு பை வாசலிலேயே இருந்தது. பாதி நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் கூட்டம். பார்க்கப் போனேன். இளவட்டங்கள் சிலர் ஜெபக்கூடத்துச் சுவரை அன்றைக்கே இடிக்க வேண்டும் என்று கத்தினார்கள். ஆளாளுக்கு எழுந்து சத்தம் போட, சுடலைமுத்து அண்ணாச்சி, "ஏலே, எல்லாரும் மொதல்ல உக்காருங்க. உக்காந்து பேசுவோம்" என்றார். அவ்வளவு பேரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்கள். நின்றுகொண்டிருந்தது நானும், வெளியூர்க்காரர்கள் மாதிரித் தெரிந்த மூன்று பேரும் மட்டும். அவர்கள் யார் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. போட்டோவைப் பார்த்துவிட்டு ஆதரவு தர வந்திருக்கிறார்களாம்.

கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டேன்.

"உங்க ஆளுக கல்லெறிவாங்களா அண்ணாச்சி?"

"எங்க ஆளு ஒருத்தன் கை நீட்ட மாட்டான். வெளியாளுக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏக்க? அவனைக் கண்டுபிடிக்கது உங்க வேலைம்மா."

"நாளைக்கு ரோட்டுல வச்சு நீங்க உக்காரச் சொன்னா எல்லாரும் உக்காருவாங்களா?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்க ஆளு உக்காருவான்" என்றார்.

டி.எஸ்.பி.யிடம் போய்ச் சொன்னேன். பென்சிலை மேஜைமேல் உருட்டினார்.

"தார் ரோடு. பத்தரை மணி வெயில். உட்காருவாங்களா?"

"புஞ்சையிலயே கிடக்கிறவங்க சார். உட்காருவாங்க."

"ரோட்டில உட்கார்ந்தா அது மறியல். நாளைக்கு அதையே வச்சு அவங்க மேல கேஸ் போடச் சொல்லுவாங்க." அனுமதி உத்தரவை எடுத்தார். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். கடைசி நிபந்தனையாக ஒரு வரி சேர்த்தார்: "காவல் அதிகாரி கேட்டுக்கொண்டால் ஊர்வலத்தினர் சாலையில் அமர வேண்டும்." மறியலுக்குப் போலீஸே எழுத்தில் அனுமதி கொடுத்த உத்தரவு நான் அறிந்தவரை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை கீழப்பாலத் தெரு முக்கில் கயிறு கட்டி இரண்டு வரிசை நிறுத்தினோம். முதல் வரிசை ஊர்வலத்தைப் பார்த்து. இரண்டாவது வரிசையையும் நான் அப்படியே நிறுத்தியிருந்தேன். டி.எஸ்.பி. வந்து அவர்களைத் தெருப் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னார். "அங்க இருக்கிறவங்களுக்கு நம்ம முதுகு மட்டும் தெரியக்கூடாது. முகம் தெரியணும்." லத்தியோடு வந்த ஆயுதப்படைக்காரர்களைக் கண்ணில் படாதபடி பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குள் உட்காரவைத்தார். "நான் சொல்லாம ஒருத்தரும் வெளியே வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

ஜெபமணி கடை திறந்திருந்தது. அவர் கல்லாவில் உட்கார்ந்து எங்கேயும் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே கூட்டம். பச்சைத் துண்டு போட்ட ஆண்கள், தலையில் முக்காடிட்ட பெண்கள், கையில் தொரட்டிக் கம்போடு ஆடு மேய்க்கிறவர்கள். கிளம்பும் நேரத்தில் பெரிய ஸ்பீக்கர் கட்டிய வேன் ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. உள்ளே ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே மூன்று முகங்கள், கூட இன்னும் சிலர். உத்தரவை எடுத்துக் காட்டினேன்.

"மைக் அனுமதி ஆட்டோ ஒண்ணுக்குத்தான். வேன் இங்கயே நிக்கட்டும்."

"நாங்க விவசாயிக்கு ஆதரவா வந்திருக்கோம் மேடம்."

"நல்லது. நடந்து வாங்க."

வேனில் இருந்து இறங்கி நடந்தார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை, காரணமும் இல்லை. முத்தையா ஏட்டை வீடியோ கேமராவோடு அவர்கள் பக்கத்திலேயே போகச் சொல்லிவிட்டு, நான் முன்னாலேயே நடந்து முக்கில் கட்டிய கயிற்றுக்குப் போய் நின்றேன்.

ஊர்வலம் நன்றாகத்தான் வந்தது. கோஷம் காதைக் கிழித்தது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள், நோட்டீஸ் வாங்கிப் படித்தார்கள். கீழப்பாலத் தெரு முக்கை முன்வரிசை தாண்டியும்விட்டது. நடுவில் வந்த கூட்டம் அங்கே தயங்கியது. யாரோ, "அந்தாத் தெரியுது பாரு சுவரு!" என்று கத்தினான். கூட்டம் கயிற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த நிமிடம் ஒரு கல் எங்கள் தலைக்கு மேலே போய் ஜெபக்கூடத்து ஜன்னலில் விழுந்தது.

கண்ணாடி உடைகிற சத்தத்துக்குப் பிறகு ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்குள் என்ன செய்கிறோமோ அதுதான். அதைத் தவறவிட்டால் அடுத்து லத்திதான், அதற்கடுத்து ஓட்டம், மிதிபடுவது, ஆஸ்பத்திரி. மண்டப வாசலில் ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் தலையை நீட்டினார். "சார், இறங்கட்டுமா?" டி.எஸ்.பி. அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் கையைத் தூக்கிச் சுடலைமுத்து அண்ணாச்சிக்குக் காட்டினேன். அவர் ஆட்டோவில் மைக்கை வாயில் வைத்தார். சத்தம் வரவில்லை. நெரிசலில் பேட்டரி வயரை யாரோ இழுத்துவிட்டார்கள். அவர் வாய் அசைவது தெரிகிறது, குரல் பத்தடிகூட வரவில்லை. இரண்டாவது கல் விழுந்தது. எஸ்தர் உள்ளே இருந்து ஏதோ அலறினார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்கு நடுவே போய், யூனிஃபார்மோடு, தொப்பியோடு, அந்தத் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தார் கால்சட்டையைத் தாண்டிச் சுட்டது. மேலே பார்த்தால் வேட்டியும் சேலையும் கால்களும்தான். மிதித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளின் முந்தானையைப் பிடித்து, "உக்காருங்கம்மா" என்றேன். ஆடு மேய்க்கிற மாடத்தி அவர். மேய்ச்சல் காட்டில் ஒரு மைல் தூரத்து ஆட்டைக் கூப்பிடுகிற தொண்டை.

ஒரு கணம் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தினார் பாருங்கள்: "ஏலே! போலீஸ்காரியே உக்காந்துட்டா, நீங்க என்னலே நிக்கிய? உக்காருங்கலே! அண்ணாச்சி சொல்லுதாருலா, உக்காருங்க!"

மாடத்தியின் பக்கத்தில் இருந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பச்சைத் துண்டுகள். அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம். காற்றில் பயிர் சாய்வது போல அந்தச் சாலை முழுக்கத் தலைகள் கீழே இறங்கிக்கொண்டே போவதை நான் தரையில் இருந்து பார்த்தேன். அப்படி ஒரு காட்சியை இந்த ஜென்மத்தில் இன்னொரு முறை பார்க்கப்போவதில்லை.

எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நடு ரோட்டில் கையில் கல்லோடு நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. இரண்டு பேர் கல்லை நைசாகக் கீழே விட்டார்கள். ஒருவன் உட்காரப் பார்த்தான். பக்கத்தில் இருந்த விவசாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நில்லு. இம்புட்டு நேரம் நின்னேல்லா?" என்றார். எங்கள் காவலர்கள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய் ஒவ்வொருவராக அழைத்து வந்தார்கள். லத்தி மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு தப்பும் நடக்க இருந்தது. எட்டுப் பேரில் கம்பு ஊன்றிய பெரியவர் ஒருவரையும் ஒரு காவலர் பிடித்துவிட்டார். "அவருக்கு மூட்டு ஆபரேஷன் பண்ணியிருக்குலே, காலு மடங்காது, விடு அவரை!" என்று மாடத்தி உட்கார்ந்தபடியே கத்தினார். நின்றவனெல்லாம் குற்றவாளி இல்லை என்று எனக்கு உறைத்தது. எழுந்து போய் முத்தையாவோடு வீடியோவை ஓட்டிப் பார்த்து, கல் எறிந்தது தெளிவாகத் தெரிந்த நான்கு பேரை மட்டும் ஜீப்பில் ஏற்றினோம். மற்றவர்களைப் பேர் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினோம்.

பிறகுதான் தூசியைத் தட்டினேன். மாடத்தியைக் கை கொடுத்து எழுப்பினேன். யாரோ மைக் வயரைச் சொருகினார்கள். சுடலைமுத்து அண்ணாச்சியின் குரல் திரும்பி வந்தது. முதல் கோஷம் என்ன தெரியுமா? "போலீஸ் அராஜகம் ஒழிக!" கூட்டமே சிரித்துக்கொண்டு திருப்பிச் சொன்னது. பட்டியலில் இருந்த கோஷம், அனுமதித்த கோஷம். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

மனுக் கொடுத்துக் கலைந்த பிறகு, திரும்பி வந்தவர்களில் சிலர் தாகத்துக்கு ஜெபமணி கடையில் ஒதுங்கினார்கள். அவர் சோடா உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயந்தரம் கேட்டேன், "சும்மா குடுத்தீங்களா அண்ணாச்சி?"

"சும்மா குடுத்தா பயந்து குடுத்தேன்னு ஆயிரும்லா? யாவாரம்தான் பண்ணினேன்" என்றார். காலையில் பேப்பரை விட்டுத் தலை நிமிராத மனிதர் அவர்.

டி.எஸ்.பி. என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "தொப்பி கோணாம உட்கார்ந்தீங்க." பிறகு தேநீர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மேலே இருந்து போன் வந்தது. ஊர்வலம் ஏற்பாடு செய்த எல்லோர் மேலும் வழக்குப் போட்டால் என்ன என்று கேட்டார்கள். கல் விழுந்த ஊர்வலம், ரோட்டில் உட்கார்ந்த ஊர்வலம். டி.எஸ்.பி. எனக்கு எதிரிலேயே பேசினார். "உட்காரச் சொன்னது நாங்க சார். உத்தரவில எழுதியிருக்கு. முதல்ல உட்கார்ந்தது என் எஸ்.ஐ. கேஸ் போடணும்னா அவங்க பேரிலதான் ஆரம்பிக்கணும்." எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. எஃப்.ஐ.ஆரில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஜெபமணி சாட்சி சொன்னார். மாடத்தியும் சொன்னார். நான்கு பேருக்கும் தண்டனை கிடைத்தது.

மனுவின் பேரில் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு சர்வேயர் கால்வாயை அளந்தார். ஜெபக்கூடத்துச் சுவர் இரண்டடி கால்வாய்க்குள் வந்திருந்தது உண்மைதான். ஜெபமணி, "அளந்து காட்டிட்டீங்க, எடுத்துருதோம்" என்றார். தெருக்காரர்கள் அந்த வாரமே தாங்களாகவே சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். ஆனால் குளத்துக்குத் தண்ணீர் வராததற்கு அந்த இரண்டடி காரணமே இல்லை. தண்ணீர் வரும் வழியில் மேலே ஒரு பாலத்துக்கு அடியில், யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் கொட்டிய மண்ணும் கல்லும் கால்வாயை முழுசாக அடைத்திருந்தது. அதைத் தோண்டி எடுத்தார்கள். அந்த ஐப்பசியில் செங்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. நான் முதலில் எழுதிய உத்தரவில் கையெழுத்து விழுந்திருந்தால், அந்த மண் இன்னமும் அங்கேயே கிடந்திருக்கும், பழி அந்தச் சுவர் மேல் இருந்திருக்கும்.

அடுத்த வருடம் டி.எஸ்.பி. மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்டேஷன் பொறுப்பு அப்போதும் என்னிடம்தான் இருந்தது. ஒரு நாள் காலை ஜெபமணி வேட்டி சட்டையில் ஸ்டேஷனுக்கு வந்தார். கூடவே தெருக்காரர்கள் நாலைந்து பேர். கையில் மனு.

"என்ன அண்ணாச்சி?"

"ஆர்ப்பாட்டம் பண்ணப் போறோம்மா. அனுமதி வேணும்."

"யாரை எதிர்த்து?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "உங்களைத்தான்."

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு கீழப்பாலத் தெரு முக்கில் பாதுகாப்புக்காக இரண்டு காவலர்களையும் ஒரு இரும்புத் தடுப்பையும் போட்டுவைத்திருந்தோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து அதை எடுக்கவே இல்லை. "துப்பாக்கி வச்ச போலீசு நின்னா கடைக்கு எவன்மா வருவான்? எங்க பிள்ளைகளைப் பொண்ணு பாக்க வாரவங்க, இங்கன என்ன பிரச்சனைன்னு கேக்காங்க. ரெண்டு மட்டம் வாயால சொன்னோம், யாரும் கேக்கல. எங்களுக்குக் காவல் வேண்டாம். இனி ஏதாவதுன்னா நாங்களே வந்து சொல்லுதோம்."

ஊரை விட்டுப் போகப் பை கட்டிவைத்திருந்த மனிதர் அவர். இப்போது என் ஸ்டேஷன் முன்னால் நின்று எனக்கு எதிராகக் கோஷம் போட அனுமதி கேட்கிறார். நான் அந்த இடத்திலேயே காவலை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் முதலாக அவர் நாலு பேர் முன்னால் பேசத் தயாராகி வந்திருக்கிறார். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

"மைக் வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணும்மா."

"அதையும் மனுவுல எழுதித் தாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வச்சுக்கிடுங்க. வேப்பமரத்து நிழல்ல நில்லுங்க, வெயிலு கடுமையா இருக்கு."

மறுநாள் வந்தார்கள். எஸ்தரும் பெண்களும் முன்வரிசையில். யாருக்கும் கோஷம் போட்டுப் பழக்கம் இல்லை. ஜெபமணி மைக்கைப் பிடித்து இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து பச்சைத் துண்டோடு சுடலைமுத்து அண்ணாச்சி வந்து நின்றார்.

"நீங்க எங்க அண்ணாச்சி இங்க?" என்றேன்.

"அவங்களுக்குச் சத்தம் போடத் தெரியாதும்மா. எடுத்துக் குடுக்க வந்தேன்."

அவர் எடுத்துக் கொடுக்க, ஜெபமணி சொல்ல, தெருவே திருப்பிச் சொன்னது. "எடுத்துவிடு, எடுத்துவிடு! காவலை எடுத்துவிடு!" போகப்போக ஜெபமணியின் குரல் தெளிந்து ஏறியது. ஒரு மணி நேரம். ஸ்டேஷனுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. முத்தையா ஏட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். திறந்தே இருக்கட்டும் என்றேன்.

முக்கில் இருந்த காவலையும் தடுப்பையும் எடுக்கச் சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கு வெளியே வந்து நின்றேன். ஜெபமணி கூட்டத்தில் இருந்து நடந்து வந்து மனுவை நீட்டினார். எனக்கு எதிராக வந்த மனுக்கள் சர்வீஸில் எத்தனையோ. இரண்டு கையாலும் வாங்கியது அந்த ஒன்றைத்தான்.